வேலையை வெளியே கொடுத்த பிறகு வங்கிக்குள் யார் இருக்கிறார்கள்?

ஓ.டி.பி. வரத் தாமதமானால் நாம் வங்கியைத் திட்டுகிறோம். அந்தக் குறுஞ்செய்தி வரும் வழியைப் பார்த்தால், அதில் வங்கியின் பங்கு மிகச் சிறியது என்று தெரியும். வங்கியின் கணினி ஆறு இலக்க எண்ணை உருவாக்கி, மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பித் தரும் ஒரு நிறுவனத்திடம் கொடுக்கிறது. அந்த நிறுவனம் அதைத் தொலைபேசி நிறுவனத்திடம் தள்ளுகிறது. தொலைபேசி நிறுவனம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி முன்கூட்டியே பதிவு செய்த வாசகத்தோடு அது பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம் கைபேசிக்கு அனுப்புகிறது. வாசகம் பொருந்தாவிட்டால் செய்தி அங்கேயே நின்றுவிடும். எண்ணை உருவாக்கிய மென்பொருளே பல வங்கிகளில் வெளியார் எழுதியது. அது ஓடும் சர்வரும் பல சமயம் வெளியாரின் கட்டடத்தில்தான் இருக்கிறது.

ஏ.டி.எம். இன்னும் நல்ல உதாரணம். வாசலில் வங்கியின் பெயர்ப்பலகை தொங்கும். ஆனால் இயந்திரம் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானதாக இருக்கலாம், கடை வாடகையையும் அதுவே கட்டலாம். பணம் நிரப்பும் வேன் இன்னொரு நிறுவனத்துடையது. நாம் பட்டனை அழுத்தியதும் ஓடும் தகவலைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச்சை நடத்துவது மூன்றாவது நிறுவனம். இதற்குப் 'பிரவுன் லேபிள்' என்று பெயர்.

ஏ.டி.எம்.மில் கணக்கிலிருந்து பணம் கழிந்து கையில் வராமல் போனால், 5 நாட்களுக்குள் வங்கி அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று 2019-ல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. தவறினால் வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இந்த நாலைந்து நிறுவனங்களில் தவறு யாருடையது என்ற பேச்சே அதில் கிடையாது. 2021-ல் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. ஒரு ஏ.டி.எம். மாதத்தில் மொத்தம் 10 மணி நேரத்துக்கு மேல் பணமில்லாமல் காலியாகக் கிடந்தால் 10,000 ரூபாய் அபராதம். அதுவும் வங்கியின் மேல்தான். வேன்காரரிடம் வங்கி பிறகு வசூலித்துக்கொள்ளலாம், அது அவர்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியது.

வேலையைக் கைமாற்றலாம், பொறுப்பைக் கைமாற்ற முடியாது என்று அவுட்சோர்சிங் பற்றிய எல்லாக் கருத்தரங்குகளிலும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் உண்மையான சிக்கல் கண்ணில் படாது. வேலை வெளியே போகும்போது, வேலை சரியாக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்களும் சேர்ந்தே போய்விடுகிறார்கள். பொறுப்பு மட்டும் உள்ளே இருக்கும். அதைச் சுமப்பவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

எப்படி வெளியே போனது

பெரிய நிறுவனம் ஒன்று தன் கணினித் துறையையே வெளியே தூக்கிக் கொடுத்த முதல் பிரபலமான நிகழ்வு 1989-ல் கோடாக்கில் நடந்தது. டேட்டா சென்டர்களை ஐ.பி.எம்.மிடமும், தகவல்தொடர்பை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்திடமும், மேசைக் கணினிகளை பிசினஸ்லேண்டிடமும் கொடுத்தார்கள். புகைப்படச் சுருள் விற்பவர்களுக்குக் கணினி மையம் எதற்கு என்பது அவர்களின் வாதம். கோடாக் போன்ற ஒரு கம்பெனியே செய்துவிட்டதால் மற்றவர்களுக்கும் தயக்கம் போயிற்று.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. இங்கே வங்கிகளுக்கு வெளியே கொடுக்க முதலில் கணினியே இல்லை. 1984-ல் ரங்கராஜன் குழு கணினிமயமாக்கலுக்குப் பரிந்துரைத்தது, ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 1993-ல் சங்கங்களோடு ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே புதிய தனியார் வங்கிகள் முதல் நாளிலிருந்தே கணினியோடு கிளம்பிவிட்டன. பேரேட்டில் எழுதிப் பழகிய பொதுத்துறை வங்கிகள் அவற்றை எட்டிப்பிடிக்க வேண்டும். ஆளெடுத்து, பயிற்சி கொடுத்து, மென்பொருள் எழுதி வெளியிட நேரமில்லை. டெண்டர் விட்டார்கள்.

ஸ்டேட் வங்கிக்கு டி.சி.எஸ். வந்தது. அதற்காகக் கையில் எடுத்த மென்பொருளை உருவாக்கிய ஆஸ்திரேலிய நிறுவனத்தையே 2005-ல் டி.சி.எஸ். வாங்கிவிட்டது. இன்னும் பல வங்கிகள் இன்போசிஸின் பினக்கிள் மென்பொருளைப் போட்டன. இதில் சென்னைக்கு ஒரு தனிக்கதை உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தன் சொந்த அதிகாரிகளை வைத்தே எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் ஒரே இடத்தில் நடத்தும் 'கிரவுன்' என்ற கோர் பேங்கிங் மென்பொருளை எழுதி, கிளைகளை அதில் ஓட்டியது. மற்ற வங்கிகள் வேலையை எடுத்துச் செய்யும் வெளி நிறுவனத்தை, அதாவது வெண்டரைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய காரியம்தான். பின்னாளில் அந்த வங்கியும் பினக்கிளுக்கு மாறிவிட்டது. ஒரு வங்கி மட்டும் தனக்காக ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய விதிக்கும் புதிய சேவைக்கும் அதைத் தானே திருத்திக்கொண்டிருப்பது எவ்வளவு பாரம் என்று யோசித்தால், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

வங்கிக்கு வெளியே இந்தியாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது ஏர்டெல்லை. 2004-ல் ஐ.பி.எம்.மோடு 10 ஆண்டுக்குச் சுமார் 75 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் போட்டது. அதில் புதுமை என்னவென்றால், ஏர்டெல்லின் வருமானம் வளர வளர ஐ.பி.எம்.முக்கும் பங்கு கிடைக்கும். சர்வர் எத்தனை வாங்கலாம் என்ற தலைவலி இனி ஐ.பி.எம்.முடையது. மாதாமாதம் லட்சக்கணக்கில் சந்தாதாரர்கள் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. முதலீட்டை முன்கூட்டியே கொட்டாமல் வளர முடிந்ததற்கு இந்த ஏற்பாடு உதவியது. நெட்வொர்க் பராமரிப்பையும் எரிக்சன், நோக்கியா போன்றவர்களிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு தொலைபேசி நிறுவனம் நெட்வொர்க்கையே வெளியே கொடுக்கலாமா என்று அன்று பலரும் கேட்டார்கள். கொடுத்துப் பிழைத்துக் காட்டியது ஏர்டெல். ஆகவே அவுட்சோர்சிங் என்றாலே தலைவலி என்று நினைக்க வேண்டியதில்லை.

டி.எஸ்.பி.: ஒரு வார இறுதி

எங்கே சறுக்குகிறது என்று பார்க்க, பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கியைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. விசாரணை அறிக்கைகள் விவரமாக வெளிவந்திருப்பதால் உள்ளே நடந்ததும் தெரியும்.

டி.எஸ்.பி. முன்பு லாயிட்ஸ் வங்கியின் பகுதி. பிரிந்த பிறகும் லாயிட்ஸின் கணினிகளிலேயே வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2015-ல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி அதை வாங்கியது. லாயிட்ஸுக்கு வாடகை கட்டுவதை நிறுத்திவிட்டு, சபாடெல்லின் மென்பொருளுக்கு மொத்த வங்கியையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. வேலையைச் செய்தது சபாடெல்லின் சொந்தத் தொழில்நுட்ப நிறுவனமான சாபிஸ். 2018 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை மாலையில் ஆரம்பித்தார்கள். ஞாயிறு மாலை கதவைத் திறந்தார்கள்.

கணக்கு விவரங்கள் பத்திரமாகவே வந்து சேர்ந்தன. ஆனால் மக்கள் உள்ளே நுழைய முயன்றதும் புதிய கட்டமைப்பு சரிந்தது. சுமார் 19 லட்சம் பேரால் கணக்கைத் திறக்க முடியவில்லை. சிலர் அடுத்தவரின் கணக்கு விவரத்தைத் திரையில் பார்த்தார்கள். குழப்பத்தைப் பயன்படுத்தி மோசடிக்காரர்கள் புகுந்தார்கள். நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. செப்டம்பரிலேயே தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகிவிட்டார். வந்த புகார்கள் 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேல். வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த இழப்பீடு மட்டும் 3.27 கோடி பவுண்ட்.

காரணம் என்ன? புதிய கட்டமைப்பில் இரண்டு டேட்டா சென்டர்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். பளு தாங்குமா என்ற சோதனையை அவற்றில் ஒன்றில் மட்டும் செய்திருந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி அமைக்கப்பட்டிருந்தால் அது போதுமானதாக இருந்திருக்கலாம். அமைப்பில் வித்தியாசம் இருந்தது. இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. "இரண்டிலும் சோதித்தீர்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

கேட்க வேண்டியது டி.எஸ்.பி. ஆனால் சாபிஸே எல்லாவற்றையும் செய்யவில்லை. அது 85 வேறு நிறுவனங்களை வைத்து வேலை வாங்கியது. அவற்றோடு டி.எஸ்.பி.க்கு நேரடி ஒப்பந்தம் கிடையாது. தயாரா என்று டி.எஸ்.பி. கேட்டபோது சாபிஸ் ஒரு கடிதம் கொடுத்தது. அதில் இருந்தது, இனி எல்லாம் தயாராகிவிடும் என்ற எதிர்பார்ப்பு. அன்றைய தேதியில் எது முடிந்தது, எது முடியவில்லை என்ற கணக்கு அதில் இல்லை. கீழே இருந்த நிறுவனங்களின் உறுதிமொழிகளும் அதே தரம்தான். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மாற்றத்துக்குப் பச்சைக்கொடி காட்டினார்கள்.

2022 டிசம்பரில் பிரிட்டனின் இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகளும் சேர்ந்து 4.865 கோடி பவுண்ட் அபராதம் விதித்தன. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2023 ஏப்ரலில் வந்த இன்னொரு உத்தரவு. வங்கியின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்தவருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்ட் அபராதம். வெளியே கொடுத்த வேலையைச் சரியாக மேற்பார்வையிட நியாயமான முயற்சி எடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. சாபிஸ் ஏதோ முன்பின் தெரியாத வெண்டர் என்று நினைத்துவிட வேண்டாம். தாய் வங்கியின் பிள்ளை நிறுவனம். சொந்தக் குடும்பம் என்ற நம்பிக்கையே கேள்வி கேட்பதைத் தடுத்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

வெண்டரின் வெண்டர்

அந்த 85 நிறுவனங்களின் சங்கதி நம் ஊரிலும் உண்டு. 2024 ஜூலை 31 அன்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்.பி.சி.ஐ. ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தில் கணினியை முடக்கிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்திருப்பதாகத் தெரிவதால் அதைத் தற்காலிகமாகத் தன் வலையமைப்பிலிருந்து துண்டித்திருப்பதாகச் சொன்னது. சி-எட்ஜ், டி.சி.எஸ்.ஸும் ஸ்டேட் வங்கியும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் போன்றவற்றுக்குக் கோர் பேங்கிங் சேவையை நடத்தித் தருவது அதன் தொழில். ஒரே துண்டிப்பில் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் ஏ.டி.எம்., யு.பி.ஐ. எதையும் பயன்படுத்த முடியாமல் நின்றார்கள். மறுநாள் இணைப்பு திரும்பியது.

நாட்டின் மொத்தப் பரிவர்த்தனையில் இவற்றின் பங்கு அரை சதவீதம்தான் என்று செய்திகள் ஆறுதல் சொன்னன. மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கூட்டுறவு வங்கிக் கணக்கில் வைத்திருந்தவருக்கு அது நூறு சதவீதம்.

தாக்குதல் எப்படிப் புகுந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. கிளவுட்செக் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, கோளாறு தொடங்கிய இடம் சி-எட்ஜோடு சேர்ந்து வேலை செய்த பிரான்டூ என்ற இன்னொரு நிறுவனம். அங்கே மென்பொருள் உருவாக்கப் பயன்படும் ஜென்கின்ஸ் சர்வர் ஒன்று சரியாகப் பூட்டப்படாமல் கிடந்திருக்கிறது. வங்கியின் வெண்டர் சி-எட்ஜ். அதற்கு இன்னொரு வெண்டர். அந்த இரண்டாவது பெயரை 300 வங்கிகளில் எத்தனை வங்கியின் மேலாளர்கள் அதற்கு முன் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இரண்டு ஆபத்துகள் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. ஒன்று, சங்கிலியின் நீளம். இன்னொன்று, பலரும் ஒரே இடத்தில் தொங்குவது. இந்த இரண்டாவதற்கு 2016-லேயே மணி அடித்தது. ஏ.டி.எம். பரிவர்த்தனைகளைக் கையாண்ட ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணினிக்குள் வைரஸ் புகுந்து, பல வங்கிகளின் 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்துக்குள்ளாயின. ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கி மாற்றிக் கொடுத்தது. வங்கிகள் தங்கள் வீட்டுக் கதவை எவ்வளவு பூட்டியிருந்தும் பயனில்லை. சி-எட்ஜுக்கு 12 நாள் முன்பு, 2024 ஜூலை 19 அன்று, கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. விமானங்கள் நின்றன. இந்தியாவில் வங்கிகளும் நிதி நிறுவனங்களுமாகச் சேர்த்து 10-க்கு மட்டும் சிறு பாதிப்பு என்றது ரிசர்வ் வங்கி. நம் வங்கிகளில் பலவும் அந்த மென்பொருளைப் போடவில்லை என்பதே முக்கியக் காரணம்.

வங்கிகளுக்கு மட்டும் இந்த நிலை என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளைத் தாக்கியவர்கள் கணினியை உடைக்கவில்லை, ஆளை ஏமாற்றினார்கள். ஒரு வெளி நிறுவனத்தின் வழியாக, வேறொருவர் போல நடித்து உள்ளே புகுந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. ஆன்லைன் விற்பனை ஒன்றரை மாதம் நின்றது. லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்ட் அடி விழும் என்று கணித்தார்கள்.

காகிதத்தில் என்ன இருக்கிறது

ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப அவுட்சோர்சிங்குக்கென்றே தனி வழிகாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. அக்டோபர் 1 முதல் நடைமுறை. 2006-லேயே பொதுவான அவுட்சோர்சிங் விதிகள் இருந்தன. கடன் அனுமதி, உள் தணிக்கை போன்ற முடிவெடுக்கும் வேலைகளை வெளியே கொடுக்கக்கூடாது என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். 2023 விதிகள் அதைவிட நுணுக்கமானவை.

வெண்டரின் இடத்துக்குள் வங்கியின் தணிக்கையாளரும் ரிசர்வ் வங்கியின் ஆளும் போய்ப் பார்க்க ஒப்பந்தத்திலேயே உரிமை வேண்டும். துணை வெண்டர்கள் வரை கண் போக வேண்டும். ஒரே நிறுவனத்தின் மேல் எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறோமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். வெளியேறும் வழி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். சைபர் தாக்குதல் நடந்தால், வெண்டர் கண்டுபிடித்த நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் வங்கி ரிசர்வ் வங்கிக்குச் சொல்ல வேண்டும். கடைசி விதி கொஞ்சம் குரூரமானது. கடிகாரம் வெண்டரின் மேசையில் ஓட ஆரம்பிக்கிறது, வங்கிக்கு அது கேட்கிறதோ இல்லையோ.

இந்த விதிகளில் இரண்டு ஓட்டைகள் என் கண்ணில் படுகின்றன. 1,000 கோடி ரூபாய் வரை டெபாசிட் உள்ள சிறு நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு இவை பொருந்தாது. அந்த வங்கிகளால் இவ்வளவு விதிகளைச் சுமக்க முடியாது என்ற இரக்கம் புரிகிறது. ஆனால் வெண்டரையே முழுக்க நம்பியிருப்பவை அவைதான். அடுத்து, வெண்டரின் மேல் ரிசர்வ் வங்கியின் கை நீளுவது வங்கி எழுதிய ஒப்பந்தத்தின் வழியாகத்தான். அமெரிக்காவில் 1962-லேயே வங்கிகளுக்குச் சேவை செய்யும் நிறுவனங்களை நேரடியாகச் சோதிக்கச் சட்டம் போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 17 முதல் அமலுக்கு வந்த டோரா சட்டம், முக்கியமான தொழில்நுட்ப நிறுவனங்களை நேரடியாகக் கண்காணிக்க வழிசெய்கிறது. 300 வங்கிகள் தனித்தனியாக ஒரே வெண்டரைத் தணிக்கை செய்வது நடக்கிற காரியமில்லை. ஒருவர் போய் 300 பேருக்காகவும் பார்க்கலாம்.

வங்கிகளைப் பிடிப்பதில் ரிசர்வ் வங்கி தயங்கவில்லை. அடிக்கடி சேவை முடங்கியதற்காக 2020 டிசம்பரில் எச்.டி.எப்.சி. வங்கியின் புதிய கிரெடிட் கார்டுகளையும் டிஜிட்டல் திட்டங்களையும் நிறுத்தியது. முழுத் தடையும் நீங்க 2022 மார்ச் ஆனது. 2024 ஏப்ரல் 24 அன்று கோட்டக் மகிந்திரா வங்கி ஆன்லைனில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதற்கும் புதிய கிரெடிட் கார்டு கொடுப்பதற்கும் தடை வந்தது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டு ஆய்வுகளில் கண்ட குறைகளின் பட்டியலில், வெண்டரால் வரும் ஆபத்தைக் கையாள்வது என்ற வரியும் இருந்தது. அந்தத் தடை 2025 பிப்ரவரியில்தான் நீங்கியது.

டிக்கெட்டுக்குப் பின்னால்

ஒப்பந்தம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், தினசரி வாழ்க்கை எஸ்.எல்.ஏ. என்ற மூன்றெழுத்தில்தான் ஓடும். இத்தனை மணி நேரத்துக்குள் கோளாறைச் சரிசெய்வோம் என்ற வாக்குறுதி அது. மீறினால் பில்லில் பணம் பிடிப்பார்கள்.

சென்னையில் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். வெளிநாட்டு வங்கியிலிருந்து ஒரு டிக்கெட், அதாவது கோளாறுப் புகார், வருகிறது. முன்னுரிமை இரண்டு, நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். மூன்றே முக்கால் மணி நேரம் ஆகியும் காரணம் பிடிபடவில்லை. உடனே டிக்கெட்டை 'யூசர் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' என்ற நிலைக்கு மாற்றி, ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். அந்த நிலையில் எஸ்.எல்.ஏ. கடிகாரம் நின்றுவிடும். இரவு ஷிப்ட் ஆள் வரும்வரை மூச்சுவிடலாம். மாதக் கடைசி அறிக்கையில் 99 சதவீதம் பச்சை. இந்த மாதிரி அறிக்கைக்குத் துறையில் தர்பூசணி என்று பெயர்: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு.

அந்தப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. எதை அளக்கிறார்களோ அதைத்தான் அவன் காப்பாற்றுவான். மறுமுனையில், ஒரே கோளாறு இந்த மாதம் ஆறாவது தடவை ஏன் வருகிறது என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு அந்த மென்பொருளைத் தெரிந்திருக்க வேண்டும். அவுட்சோர்சிங் தொடங்கும்போது செய்கிற முதல் வேலையே 'கே.டி.' எனப்படும் நாலெட்ஜ் ட்ரான்ஸ்பர். பதினைந்து வருடம் அந்த மென்பொருளோடு வாழ்ந்தவர், சில வாரங்களில் எல்லாவற்றையும் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வேறு துறைக்கோ வீட்டுக்கோ போய்விடுவார். கற்றுக்கொண்டவர்கள் இரண்டு வருடத்தில் வேறு கம்பெனிக்குத் தாவுவார்கள். அப்புறம் வெண்டர் உள்ளேயே கே.டி. நடக்கும். நான்காவது கைக்கு வரும்போது, அந்த ஒரு வரி நிரல் ஏன் அங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. தொட பயந்து விட்டுவிடுவார்கள்.

இதற்கு எதிரான உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும். 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்.பி.எஸ்., நாட்வெஸ்ட் வங்கிகளில் இரவு நேரக் கணக்கு ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் மென்பொருளில் ஒரு மேம்படுத்தல் தவறியது. 65 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். இந்தியாவுக்கு வேலையைக் கொடுத்ததுதான் காரணம் என்று அங்கே பத்திரிகைகளும் ஊழியர் சங்கமும் கொதித்தன. தவறு அவுட்சோர்சிங்கால் வந்ததல்ல என்று வங்கியின் தலைமை மறுத்தது. 2014-ல் 5.6 கோடி பவுண்ட் அபராதம் போட்ட கட்டுப்பாட்டு அமைப்புகளும், வங்கிக் குழுமத்தின் சொந்தத் தொழில்நுட்பப் பிரிவு சரியாகச் சோதிக்காததையும் ஆபத்தைக் கணிக்காததையுமே சுட்டிக்காட்டின. வேலை உள்ளே இருந்தாலும் கேட்க ஆள் இல்லாவிட்டால் கதி இதுதான்.

திரும்ப உள்ளே

வெளியே கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஜே.பி. மார்கன் சேஸ் 2002 டிசம்பரில் ஐ.பி.எம்.மோடு 7 ஆண்டுக்கு 500 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. சுமார் 4,000 பேர் ஐ.பி.எம்.முக்கு மாற்றப்பட்டார்கள். 2004-ல் பேங்க் ஒன் அதனோடு இணைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒப்பந்தத்தை ரத்து செய்து ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இது எப்படி முடிந்தது என்றால், பேங்க் ஒன்னிடம் தொழில்நுட்பத்தைத் தானே நடத்திப் பழகிய ஒரு பெரிய படை இருந்தது. திரும்ப எடுக்கும் வேலையை யாரை வைத்துச் செய்வது என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை.

இப்போது பெரிய வங்கிகள் நடுவழி ஒன்றைப் பிடித்திருக்கின்றன. வேலை இந்தியாவில் நடக்கும், ஆனால் வேலை பார்ப்பவர்கள் வங்கியின் சொந்த ஊழியர்கள். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் 2001-லேயே சென்னையில் ஸ்கோப் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இப்படி ஒரு மையத்தைத் தொடங்கியது. லாயிட்ஸ் 2023-ல் ஹைதராபாதில் தொடங்கியிருக்கிறது. கூலி வித்தியாசத்தின் லாபமும் கிடைக்கும், அறிவும் வீட்டுக்குள் தங்கும் என்பது கணக்கு. வெளியார் வேலையை எடுத்துச் செய்யும் சர்வீஸ் கம்பெனிகளில் ஏழெட்டு வருடம் இருந்தவர்கள் இந்த மையங்களுக்குத் தாவிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்காரலாம் என்பதும் ஒரு காரணம்.

சிறு வங்கிக்கு இந்த வழி கிடையாது. பத்துக் கிளை உள்ள ஒரு கூட்டுறவு வங்கியில் கணினிப் பிரிவு என்பது பெரும்பாலும் இரண்டு பேர். ஒருவர் பிரிண்டரைச் சரிசெய்வார், இன்னொருவர் வெண்டருக்குப் போன் போடுவார். ஒப்பந்தத்தில் வெளியேறும் வழி எழுதியிருந்தாலும், முப்பது வருடக் கணக்குகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதைச் சரிபார்க்க அவர்களிடம் ஆள் இல்லை. பழைய வெண்டர் எந்த வடிவத்தில் தகவலைத் திருப்பித் தருவார், அதற்குத் தனியாக எவ்வளவு கேட்பார் என்பதிலேயே பேச்சு நின்றுவிடும். ஆக, ஒப்பந்தம் முடிந்ததும் அதே வெண்டருக்கே நீட்டிப்பு.

இவர்களுக்காக இரண்டு முயற்சிகள் நடக்கின்றன. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கான குடை அமைப்பாக என்.யு.சி.எப்.டி.சி. 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டது. பொதுவான தொழில்நுட்ப வசதியைச் செய்து தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. நிதித்துறைக்கென்றே ஒரு கிளவுட் (இணையம் வழியே பகிர்ந்துகொள்ளும் கணினி வசதி) அமைக்கப்போவதாக ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. இரண்டும் வந்தால் சிறு வங்கிக்குப் பேரம் பேசும் வலு கூடும், தணிக்கையை ஒரே இடத்தில் ஒழுங்காகச் செய்யலாம். ஆனால் நூற்றுக்கணக்கான வங்கிகள் ஒரே இடத்தில் தொங்குவது அப்படியேதான் இருக்கும். அங்கே மாற்று டேட்டா சென்டர் உண்மையிலேயே ஓடுகிறதா, துணை வெண்டர் யார் யார் என்று அந்த வங்கிகளின் சார்பில் கேட்கப்போகும் பொறியாளர்களை யார், என்ன சம்பளத்தில் வேலைக்கு வைப்பார்கள் என்பதைத்தான் அடுத்த சில வருடங்களில் கவனிக்க வேண்டும்.